கூந்தலின் வளைவும் இரசாயனமும்



எங்கள் கல்முனைக் கரையிலே கச்சான் வீசத் தொடங்கிவிட்டால் தலைவாரும் பெண்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. சீப்பை இழுத்தவுடன் மயிரிழைகள் அதைத் தொடர்ந்து எழுந்து நிற்கும். சடசடவென்று மெல்லிய ஓசையும் கேட்கும். கச்சான் என்றதும் கொழும்பிலுள்ள நேயர்கள் கடதாசிச் சுருளில் விற்கும் கடலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். தென்மேற்குப் பருவத்திலே மலைநாட்டைக் கடக்கும் காற்று, தன் மழையையெல்லாம் அப்புறத்திலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடும் வெப்பத்தோடும் எங்களிடம் வந்து சேர்கின்றது. அதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். பின்னர் மாரி பிறந்து வாடைக்காற்று வந்ததும் அதே தலைமயிர் வேறொரு குணம் காட்டும். நேற்றுப் படிய வாரிய கூந்தல் இன்று புடைத்து நிற்கும். நெற்றியோரத்து இழைகள் தாமாகவே சுருண்டுகொள்ளும்.

தலையும் ஒன்று, எண்ணெயும் ஒன்று, சீப்பும் ஒன்று. மாறியது காற்றிலுள்ள ஈரம் மாத்திரமே. இதைக் கவனித்துப் பயன்படுத்தியவர் ஒருவர் இருக்கின்றார். ஜெனீவா நகரத்துச் சோசூர் என்னும் அறிஞர், எண்ணெய்ப் பசை நீக்கிய மனித மயிரிழையைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியொன்றை அமைத்து, அதைப் பற்றி 1783ஆம் ஆண்டில் நூலொன்றும் வெளியிட்டார். உலர்ந்த காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்குக் கொண்டுசெல்லும்போது மயிரிழை நூற்றுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீள்கின்றது. அந்தச் சிறு நீட்சியே கருவியின் முள்ளை நகர்த்தியது. வானிலை அவதான நிலையங்களிலே இத்தகைய கருவிகள் நெடுங்காலம் வேலை செய்திருக்கின்றன.

நீர் ஏன் மயிரை நீட்டவும் வளைக்கவும் செய்கின்றது? இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டால், அழகுக்கலை நிலையங்களிலே மயிரைச் சுருட்டுவதும் நேராக்குவதும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதில் பாதி விளங்கிவிடும். மற்றப் பாதியிலேதான் ஆபத்து இருக்கின்றது. இன்று அதைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு ஒரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

மயிரிழையொன்றை நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் அதன் வெளிப்புறம் மீனின் செதில்போல ஒன்றன்மேலொன்று படிந்த தகடுகளால் மூடப்பட்டிருப்பதைக் காணலாம். செதில்களின் நுனிகள் மயிரின் நுனியை நோக்கியே படிந்திருக்கும். வேரிலிருந்து நுனிவரை விரலால் உருவும்போது வழுவழுப்பாகவும், எதிர்ப்புறமாக உருவும்போது சற்றுச் சொரசொரப்பாகவும் இருப்பது இதனாலேயே. கடற்கரையில் வாழும் எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கமிருந்து மீனைச் செதில் உரிப்பது என்பது எங்கள் வீட்டுச் சிறுமிக்கும் தெரியும். செதிலுக்குள்ளே இருக்கும் தடித்த பகுதிதான் மயிரின் பலம். அது கெரற்றின் என்னும் புரதத்தாலானது. நகமும் ஆட்டின் உரோமமும் மாட்டின் கொம்பும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

கெரற்றினின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அச்சங்கிலிகள் சுருள்வில்லைப்போல முறுக்குண்டு, பல சேர்ந்து கயிறாகி, கயிறுகள் சேர்ந்து வடமாகிக் கிடக்கின்றன. ஈர உரோமத்தை இழுத்தால் இச்சுருள்கள் அவிழ்ந்து நீளுவதையும் விட்டால் மறுபடி சுருங்குவதையும், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலே அஸ்ற்பரி என்பவர் 1930களில் எக்ஸ் கதிர்ப் படங்களின் மூலம் காட்டினார். கம்பளித் தொழிலுக்காகச் செய்யப்பட்ட ஆராய்ச்சி அது. ஆனால், கம்பளிக்குப் பொருந்துவது கூந்தலுக்கும் பொருந்தும்.

சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதற்கு இருவகைப் பிணைப்புகள் முக்கியமானவை. முதலாவது ஐதரசன் பிணைப்பு. இது எண்ணிக்கையில் மிகுதி, பலத்திற் குறைவு. நீர் பட்டவுடன் அவிழும், உலர்ந்தவுடன் மறுபடி கட்டுண்ணும். குளித்த தலையை ஈரத்தோடு பின்னி உறங்கி, காலையில் அவிழ்த்தால் கூந்தல் அலையலையாக இருப்பதற்கு இதுவே காரணம். பின்னலிலிருந்த நிலையிலே உலர்ந்தபோது அந்த நிலையிலேயே பிணைப்புகள் கட்டுண்டன. மறுபடி நீர் பட்டால், அல்லது மாரிக்காற்றின் ஈரம் பட்டால், அலை கலைந்துவிடும். சூடான இரும்பினால் நேராக்கிய கூந்தலின் கதியும் இதுதான்.

இரண்டாவது வகைப் பிணைப்பு கந்தகத்தினாலானது. கெரற்றினில் சிஸ்ரீன் என்னும் அமினோ அமிலம் ஏராளமாக உண்டு. மனித மயிரின் நிறையில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அதுவே. மயிர் கருகும்போது எழும் அந்தக் கெட்ட நாற்றம் பெரும்பாலும் இக்கந்தகத்தின் விளைவு. ஒரு சங்கிலியிலுள்ள கந்தக அணுவும் பக்கத்துச் சங்கிலியிலுள்ள கந்தக அணுவும் கைகோத்து நிற்பதை, ஏணியின் இரு சட்டங்களை இணைக்கும் படியாக எண்ணிக்கொள்ளுங்கள். இப்படிகளை நீர் அவிழ்க்காது. வீட்டிலுள்ள சவர்க்காரமும் அவிழ்க்காது. ஒருவருக்குப் பிறவியில் அமைந்த சுருளையோ நேரையோ காத்து நிற்பவற்றில் இவை முதன்மையானவை. நிலையான மாற்றம் வேண்டுமென்றால் இப்படிகளிற் சிலவற்றை வெட்டி, சட்டங்களை வேண்டிய வடிவுக்கு வளைத்து, பின்பு புதிய இடத்திலே படிகளை மறுபடி பொருத்த வேண்டும். சுருட்டுவதும் நேராக்குவதும் வேலையளவில் வெவ்வேறு; இரசாயனத்தில் ஒன்றே.

இது விளங்குவதற்கு முன்னரே செய்து பார்த்த துணிச்சற்காரர் ஒருவர் இருந்தார். யேர்மனியிற் பிறந்த கார்ல் நெஸ்லர் என்பவர், 1906ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 8ஆந் தேதி இலண்டன் ஒக்ஸ்போட் வீதியிலிருந்த தமது நிலையத்திலே நிலைத்த அலை எனத் தாம் பெயரிட்ட முறையை மற்றச் சிகையலங்காரருக்குச் செய்து காட்டினார். காரமான திரவத்தில் மயிரைத் தோய்த்து, கனத்த பித்தளைக் குச்சிகளிற் சுற்றி, மின்சாரத்தாற் சூடேற்றுவது அவர் முறை. குச்சிகளின் பாரத்தைத் தலை தாங்காதென்பதால் கூரையிலிருந்து சரவிளக்குப்போல ஒரு தொங்கலமைப்பில் அவற்றைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு தலைக்கு ஆறு மணித்தியாலம் ஆயிற்று. முதன்முதலில் இதற்குத் தலை கொடுத்தவர் அவருடைய மனைவி கதரீனா. முதலிரண்டு முயற்சிகளிலே அவ்வம்மையாரின் மயிர் கருகி, தோலும் புண்ணாயிற்றாம். நெஸ்லரின் பெயர் வரலாற்றில் நின்றது. அம்மையாரின் பொறுமைக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்பது என் கருத்து.

தீயும் பித்தளையும் இன்றிப் படிகளை வெட்டலாம் என்பதைச் சொன்னது ஆய்வுகூடம். நியூயோர்க்கிலிருந்த றொக்பெல்லர் நிறுவனத்திலே கொடாட், மிக்கேலிஸ் என்னும் இருவர் கெரற்றினை ஆராய்ந்தனர். தயோகிளைக்கொலிக் அமிலம் என்னும் கந்தகச் சேர்வை காரக் கரைசலிலே சாதாரண வெப்பநிலையிலேயே கந்தகப் பிணைப்பை வெட்டிவிடுமென்று அவர்கள் 1934ஆம் ஆண்டில் எழுதினர். அவர்களுக்குக் கூந்தலில் அக்கறை இருக்கவில்லை. புரதத்தின் அமைப்பை அறிவதே நோக்கம். ஆனால் 1940களின் தொடக்கத்திலே அமெரிக்க இரசாயனவியலாளர்கள் இதே பொருளை அமோனியாவோடு சேர்த்துச் சிகைத் திரவமாக்கினர். குளிர் அலை என்று அது பெயர் பெற்றது. இன்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் ‘ரீபொண்டிங்’ என்று விலைப்பட்டியலில் எழுதப்பட்டிருக்கும் நேராக்கும் முறையும் அதன் வழித்தோன்றலே.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கழுவிய ஈர மயிரைச் சிறு சிறு பிரிவாகப் பிரித்து, மெல்லிய கடதாசி வைத்துக் குச்சிகளிற் சுற்றுவார்கள். குச்சி மெலிந்ததாயின் சுருள் இறுக்கமாகும். தடித்ததாயின் அலை விரிந்ததாகும். திரவத்தை ஊற்றி, மயிரின் தன்மைக்கேற்பப் பத்து முதல் இருபது நிமிடம் வரை வைத்து, இடையிடையே ஒரு குச்சியை அவிழ்த்துச் சோதிப்பார்கள். இந்த வேளையிலே படிகளிற் பல வெட்டுண்டு கிடக்கின்றன. மயிர் பசைபோல இளகியிருக்கும். நன்றாக நீர்விட்டுக் கழுவிய பின்னர், குச்சியை எடுக்காமலே ஐதரசன் பேரொட்சைட்டு கலந்த இரண்டாந் திரவத்தை ஊற்றுவார்கள். அதிலிருந்து வரும் ஒட்சிசன், வெட்டுண்ட கந்தகங்களை அவை இப்போது நிற்கும் புதிய இடத்திலேயே மறுபடி கைகோக்கச் செய்கின்றது. நேராக்குவதென்றால் குச்சிக்குப் பதிலாகச் சீப்பு. திரவத்தைக் கழுவி உலர்த்தியபின் சூடான தட்டிரும்பால் ஒவ்வொரு பிரிவாக அழுத்தி, அதன்பின் இரண்டாந் திரவம். வேறுபாடு அவ்வளவுதான்.

மருதமுனைத் தறிக்காரருக்கு இதை நான் விளக்கியபோது அவர்கள் என்னைவிட விரைவாக விளங்கிக்கொண்டார்கள். நீரிற் கரையாத சாயத்தை எரிசோடாவும் ஐதரோசல்பைற்றும் சேர்த்துத் தாழ்த்திக் கரைத்து, நூலை அதிலே தோய்த்து, எடுத்துக் காற்றிலே விரித்தால் ஒட்சிசன் பட்டுச் சாயம் நூலுக்குள்ளேயே நிலைத்துவிடும். முதலில் தாழ்த்தல், பின்பு ஒட்சியேற்றம். சாரத்தின் கரை நிறம் சலவைக்கு அசையாமல் நிற்பதும், சுருட்டிய கூந்தல் குளிப்புக்கு அசையாமல் நிற்பதும் ஒரே வழியிற் பெற்ற உறுதி. காற்றில் விரிக்காமல் அரைகுறையாக எடுத்த நூலின் நிறம் எப்படிப் போகுமோ, இரண்டாந் திரவத்தை அவசரத்திற் கழுவிவிட்ட கூந்தலின் கதியும் அப்படியே. வெட்டிய படிகள் பொருந்தாமலே நின்றுவிடும். மயிர் தொட்டால் அறும்.

தயோகிளைக்கொலிக் அமிலத்தைப் பற்றி இன்னொரு செய்தி. தேவையற்ற உரோமத்தை அகற்றுவதற்குக் கடைகளில் விற்கும் பசைக் களிம்பிலும் இருப்பது இதே அமிலத்தின் உப்புத்தான். அலங்கரிக்கும் பொருளும் அழிக்கும் பொருளும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். காரத்தின் வன்மைதான் இரண்டையும் பிரிக்கின்றது. ஐரோப்பிய விதிகளின்படி, கூந்தலை வளைக்கும் திரவத்தின் பீ.எச். பெறுமானம் 9.5க்கு மேற் செல்லலாகாது. உரோமம் அகற்றும் களிம்பிலே 12.7 வரை செல்லலாம். அந்த உயரத்திலே படிகள் எல்லாம் அறுந்து மயிர் கூழாகிவிடும். நேரமும் அளவும் தவறினால் முன்னது பின்னதன் வேலையைச் செய்யத் தொடங்கும்.

இவ்வாறு மாற்றிய வடிவம் மயிருக்குத்தான், மயிர்க்காலுக்கு அன்று. தோலுக்குள்ளேயிருந்து மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வீதம் புதிதாக வளர்ந்து வருவது பிறவிக் குணத்தோடேயே வரும்.

இனி மற்றொரு முறைக்கு வருவோம். இது தயோகிளைக்கொலிக் அமிலத்தைச் சாராதது, இதைவிட வலியது. அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரிலே தையற்கடை நடத்திய கரெற் மோகன் என்னும் கறுப்பின அமெரிக்கர், தையல் ஊசி உரசிச் சூடேறித் துணியைக் கருக்காமலிருக்க ஒரு திரவம் தேடினாராம். அதை விரலிலிருந்து ஒரு துணியில் துடைத்துவிட்டுப் போய்த் திரும்பியபோது, துணியின் சுருண்ட உரோமம் நேராக நிற்கக் கண்டார் என்பது கதை. அயலவரின் நாயிலும் பின்பு தம் தலையிலும் சோதித்து, 1913 அளவில் அதை விற்பனைக்கும் கொண்டுவந்தார். போக்குவரத்துச் சைகை விளக்கின் வரலாற்றிலும் இவருக்கு 1923ஆம் ஆண்டின் ஒரு காப்புரிமை உண்டு. இவருக்குப் பின்வந்த ‘ரிலாக்சர்’ என்னும் களிம்புகளிற் பெரும்பாலானவற்றின் உயிர்ப்பொருள் சோடியம் ஐதரொட்சைட்டு. அதாவது, நெசவாளர் அறிந்த அதே எரிசோடா. எரிசோடா இல்லை என்று எழுதிய பெட்டிகளிலே கல்சியம் ஐதரொட்சைட்டையும் குவானிடின் உப்பையும் கலந்து அதே அளவு வன்மையான காரம் உண்டாக்கப்படுகின்றது. பெயர் மென்மையானது, பொருள் அவ்வளவு மென்மையானதன்று.

பருத்தி நூல் எரிசோடாவைத் தாங்கும். தாங்குவது மாத்திரமன்றி மினுக்கமும் பெறும். கம்பளி தாங்காது. நூற்றுக்கு ஐந்து பங்கு எரிசோடாக் கரைசலிலே கொதிக்கவைத்தால் கம்பளி நூல் கரைந்து மறைந்துவிடும், பருத்தி நூல் எஞ்சும். கலப்புத் துணியைச் சோதிப்பதற்குரிய பழைய முறை இது. எங்கள் தலையில் வளர்வது பருத்தியன்று என்பதை மறக்கலாகாது.

இக்காரம் கந்தகப் படிகளை வெட்டுவதோடு நிற்பதில்லை. இரு கந்தகங்களில் ஒன்றை அகற்றிவிட்டு, ஒற்றைக் கந்தகத்தோடு படியை நிரந்தரமாகப் பொருத்திவிடுகின்றது. லந்தியொனீன் என்பது அப்புதிய படியின் பெயர். ஒற்றைக் கந்தகப் படியைத் தயோகிளைக்கொலிக் அமிலத்தால் திறக்கவும் முடியாது; மறுபடி மாற்றியமைக்கவும் முடியாது. ஆதலின், எரிசோடாவால் நேராக்கிய மயிரை மற்ற முறையாற் சுருட்டுவதோ மேலும் நேராக்குவதோ ஆகாது. எஞ்சியிருக்கும் சில நல்ல படிகளையும் வெட்டுவதுதான் நடக்கும்.

இப்போது நான் முன்னே சொன்ன காரணத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், மஃரிப் தொழுகை முடிந்த நேரத்திலே, எங்கள் தெருவைச் சேர்ந்த தாயொருவர் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையிலே கடதாசிப் பொதி. “டீச்சர், மகள்ட தலய ஒருக்காப் பாருங்க” என்றார். அதற்குமேற் பேச்சு வரவில்லை. அந்தப் பெண் என்னிடம் உயர்தரத்தில் இரசாயனம் படித்தவள். ஆறு நாளிற் கல்யாணம். பொதியைப் பிரித்தேன், முழ நீளக் கருங்கூந்தல் அதற்குள்ளே கிடந்தது.

ஊரிலுள்ள ஓர் அழகு நிலையத்திலே முதல் நாள் ரீபொண்டிங் செய்திருக்கிறார்கள். இரண்டாந் திரவத்தையும் கழுவிவிட்டுச் சீப்பை இட்டபோது மயிர் சீப்போடு வந்துவிட்டது. வேரோடு பிடுங்குண்டு வரவில்லை, அறுந்து வந்தது. தலையில் எஞ்சியிருந்ததை அளவுகோலால் அளந்து பார்த்தேன். எந்தப் பக்கம் அளந்தாலும் ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர். இவ்வளவு ஒழுங்காக அறுந்ததுதான் எனக்கு வியப்பாயிற்று. மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்றால் பத்து மாதம். “பத்து மாதத்துக்கு முன் தலையில் என்ன பூசினாய்?” என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்து மச்சி அனுப்பிய ஒரு டப்பாக் களிம்பு என்றாள். வீட்டில் தேடி எடுத்துக் கொண்டுவந்தார்கள். அதன் பின்புறத்திலே சோடியம் ஐதரொட்சைட்டு என்று எழுதியிருந்தது. களிம்பு பட்ட பழைய மயிரெல்லாம் அறுந்துவிட்டது. அதன்பின் வளர்ந்த புதிய மயிர் அப்படியே நின்றது. எல்லைக்கோடு கீறியதுபோல.

நிலையத்துப் பெண் அதைக் கேட்கவில்லை; இவள் சொல்லவும் இல்லை. இரசாயனம் படித்தவள் ஆயிற்றே என்று நான் கடிந்துகொள்ளப் புறப்பட்டுப் பின் நிறுத்திக்கொண்டேன். பாடசாலையில் நாங்கள் ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் கற்பிக்கும்போது பொற்றாசியம் பரமங்கனேற்றையும் இரும்புச் சல்பேற்றையும் தவிர வேறெதைக் காட்டினோம்?

மருதோன்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருதோன்றி இல்லாமல் எங்கள் பகுதியிலே கல்யாண வீடு இல்லை. அதன் இலையிலே லோசோன் என்னும் செம்மஞ்சட் பொருள் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு உண்டு. புளிப்புச் சேர்த்து அரைத்துப் பூசினால் அது தோலிலும் மயிரிலும் உள்ள கெரற்றினோடு நேரே பிணைந்துகொள்ளும். தனி இலையால் பெரும்பாலோருக்குத் தீங்கு இல்லை. ஆனால் கறுப்பு மருதோன்றி என்று ஓர் இயற்கைப் பொருள் இல்லை. கறுப்பாக்குவதற்குப் பரா-பெனிலீன்டையமீன் என்னும் சாயப்பொருளைக் கலக்கிறார்கள். அது சிலரின் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். ஒருமுறை ஒவ்வாமை கண்டவருக்கு அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். வேறு சில பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அப்படிப்பட்ட தலையிலே பேரொட்சைட்டு பட்டால் உலோகம் அதைச் சடுதியாகச் சிதைத்து, மயிர் சூடேறி அறுந்துபோகலாம். உதிர்ந்த மயிர் சிலவற்றை எடுத்து, பேரொட்சைட்டில் சில துளி அமோனியா விட்ட கிண்ணத்திலே அரைமணி நேரம் போட்டுப் பார்த்தால் குமிழியும் சூடும் உண்மையைச் சொல்லிவிடும். சிகைத்தொழில் அறிந்தோர் செய்யும் சோதனை இது, செலவு ஒன்றுமில்லை.

இத்தகைய முறைகளால் மயிரின்மேல் உறை படியுமா, வுழூவின் நீர் மயிரைச் சேருமா என்று என்னிடம் கேட்ட பெண்கள் உண்டு. மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுடையது. இரசாயனம் சொல்லக்கூடியது இவ்வளவே: மருதோன்றியும் தயோகிளைக்கொலிக் அமிலமும் எரிசோடாவும் மயிருக்குள்ளே மாற்றம் செய்பவை, மேலே படலமாக நிற்பவை அல்ல.

சில நாள் கழித்து அந்த அழகு நிலையத்துப் பெண்ணே என்னிடம் வந்தார். தையலும் பின்பு இத்தொழிலும் கற்றுத் தம் வீட்டு முன்னறையில் நிலையம் நடத்தி மூன்று பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். கையிலே ஒரு கொப்பி. வாடிக்கையாளரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை எழுதித் தரும்படி கேட்டார். பேசும்போது அடிக்கடி இருமினார், கண்கள் சிவந்திருந்தன. “தடிமனா?” என்றேன். கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்யும் நாளிலெல்லாம் இப்படித்தான் என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பெண்கள் முக்காடு நீக்கி அமரும் இடமாகையால் வெளிப்பார்வை படாதவாறு கதவுக்குத் தடித்த திரை. யன்னல்களுக்குக் கண்ணாடியோடு கடதாசி ஒட்டி மூடி, உள்ளே குளிரூட்டி. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சுவரிலே மாட்டும் அந்தக் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கின்றது. போத்தலைத் திறந்து மணந்தேன். பாடசாலை விலங்கியல் ஆய்வுகூடத்திலே தவளையையும் மூளையையும் இட்டுவைத்திருக்கும் சாடிகளின் மணம் அது: போமலின்.

பிரேசில் நாட்டிலிருந்து 2000களில் பரவிய இம்முறையிலே படிகளை வெட்டுவதில்லை. போமல்டிகைட்டைக் கொண்டு புதிய கட்டுகளைப் போட்டு, 230 பாகை வரை சூடேறிய இரும்பால் மயிரை நேராக அழுத்திவிடுகிறார்கள். சூடு பட்டதும் போமல்டிகைட்டு ஆவியாகி எழுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டில் இப்பொருளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று வகைப்படுத்தியது. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே சிகையலங்காரத் தொழிலாளர் கண்ணெரிவும் மூச்சுத்திணறலும் கண்டு முறையிட்டபோது, 2010ஆம் ஆண்டில் அம்மாநிலத் தொழிற்பாதுகாப்பு அலுவலர் போத்தல்களைச் சோதித்தனர். போமல்டிகைட்டு அற்றது என்று எழுதியிருந்த போத்தல்களிலேயே அது ஏராளமாக இருந்தது. நீரிற் கரைந்த போமல்டிகைட்டுக்கு மெதிலீன் கிளைக்கோல் என்றொரு மறுபெயர் உண்டு. பெயரை மாற்றி எழுதினால் ஆவி மாறிவிடுமா?

இதற்குப் பதிலாகக் கிளையொக்சிலிக் அமிலம் சேர்த்த திரவங்கள் பின்னர் வந்தன. அவற்றைப் பூசிக்கொண்ட பெண்ணொருவருக்கு ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமிலம் தோல்வழி உட்சென்று ஒட்சலேற்று ஆகிச் சிறுநீரகத்திலே பளிங்காகப் படிகின்றது என்பது அவர்களுடைய முடிவு. இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழப் பதினொரு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. கூந்தலை நேராக்கும் இரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 1.64 என்றும், ஓராண்டில் நான்கு தடவைக்கு மேற் பயன்படுத்தியோருக்கு அது 4.05 என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. இரண்டும் சேர்ந்து காணப்படுவதையே இது காட்டுகின்றது. ஒன்றே மற்றதற்குக் காரணம் என்று நிறுவவில்லை. எண்கள் சிறியவை, அச்சமூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால், கல்யாணத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளும் பெண்ணின் நிலை வேறு. நாள்தோறும் அந்த ஆவியிலே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் செய்துவிடும் பெண்ணின் நிலை வேறு. போமல்டிகைட்டுச் சேர்ந்த போத்தலை வாங்கவே வேண்டாமென்று அவரிடம் சொன்னேன். “அதைக் கேட்டு வருபவர்களை என்ன சொல்லி அனுப்புவது?” என்றார். அதற்கு என்னிடம் உடனே விடை இருக்கவில்லை.

இடத்துக்கு மாத்திரம் விடை இருந்தது. எங்கள் பகுதி வீடுகளிலே பின்வளவுக்கு உயர்ந்த மதில் உண்டு. பெண்கள் தலைதிறந்து நடமாடும் இடம் அது. அந்த வளவைப் பார்த்த விறாந்தைக்கு நாற்காலியையும் கண்ணாடியையும் மாற்றும்படி சொன்னேன். காற்று முதுகுப்புறமிருந்து வந்து வெளியே செல்லும்படி ஒரு மின்விசிறியும் வைக்கச் சொன்னேன். மழைக்காலத்திலே தூவானம் அடிக்குமே என்று தயங்கினார். பின்பு ஓலைத்தட்டி கட்டிக்கொண்டார். கெரட்டின் போத்தலை இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டார். அதனால் வாடிக்கையாளர் சிலர் வேறிடம் போனது உண்மை. கொப்பி இப்போது மூன்றாவது. ஒவ்வொரு பக்கத்திலும் பெயருக்குக் கீழே முதற் கேள்வி: கடந்த மூன்று ஆண்டில் தலையில் என்னென்ன பட்டது? பக்கத்தின் மூலையிலே அந்தத் தலையிலிருந்து எடுத்துச் சோதித்த மயிர் ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறார்.

மணப்பெண்ணின் கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. தலையைப் பட்டு முக்காடு மறைத்தது. கை நிறைய மருதோன்றி. பத்துச் சென்ரிமீற்றர் மயிரை என்ன செய்வதென்று அவளுடைய உம்மா மூன்று நாள் அழுதார். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. போன பெருநாளைக்கு அவள் தன் குழந்தையோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். பின்னல் இடுப்பைத் தொட்டது, பிறவிச் சுருளோடேயே.